ஆளில்லாத வீட்டின் அகழி

1

போன வாரம் எங்கள் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. இந்த இடம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, மண்ணைத் தோண்டுவது குற்றம் என்று எழுதியிருக்கிறது. வேலை முடிந்து சைக்கிளில் வந்து இறங்கியவள், அதைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.  இப்போது நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், எங்கள் கொல்லையில் புதுமண் ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஊரிலிருந்து எழுதுகிற நீங்கள் எல்லோரும் 'லண்டனில் சௌக்கியமா' என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். லண்டனை நான் விமானத்திலிருந்து இறங்கிய அன்று பார்த்ததோடு சரி. நாங்கள் இருப்பது சஃபோக் என்கிற ஜில்லாவில், களிமண் பூமியில், ஒரு பண்ணைக்காரரின் சின்ன வீட்டில் வாடகைக்கு. எங்கள் வீட்டுக்காரர் பக்கத்து டவுனில் விவசாய இயந்திரம் செய்கிற தொழிற்சாலையில் வெல்டர். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கோடு போராடுகிறேன். எங்களுக்கு ஒரே பெண், கௌரி. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். பள்ளிக்கூடத்தில் அவளைக் கோரி என்று கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

வீட்டுக்குப் பின்னால் ஓர் அகழி இருக்கிறது. செஞ்சிக் கோட்டை அளவுக்குக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். வயலுக்கு நடுவே சதுரமாக வெட்டிய வாய்க்கால், அதில் பாசி பிடித்த தண்ணீர், உள்ளே ஒரு மேடு. மேட்டில் முட்செடியும் நாலைந்து மரமும் தவிர வேறொன்றும் இல்லை. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் நிலபுலன் வைத்திருந்தவர்கள் தங்கள் வீட்டைச் சுற்றி இப்படி வெட்டிக்கொண்டார்களாம். சண்டைக்காக என்பதைவிடப் பெருமைக்காக. மீனும் வளர்க்கலாம், மழைத் தண்ணீர் அதில் வடிந்து வீடும் நனைந்து கிடக்காது. வீடு மண்ணோடு மண்ணாகிவிட்டது, தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டு நிற்கிறது. சைக்கிளில் அரை மணி போனால் இப்படி இன்னும் இரண்டு மூன்று பார்க்கலாம். வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் கொசு வளர்க்கிற குட்டை, அவ்வளவுதான். போன வருஷம் கோடையில் அது எங்கள் குடும்பத்தையே உலுக்கிவிட்டது.

2

போன வருஷம் மாசி வாக்கில் என் மாமனார் வந்தார். மாமியார் தவறிப்போய் ஒடுங்கிக் கிடந்தவரை எங்கள் வீட்டுக்காரர் வற்புறுத்தி வரவழைத்தார். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே எங்களுக்கு நெல் நிலம், ஒரு வீடு, கிணறு; இவருடைய தம்பி அங்கே இருந்து பார்த்துக்கொண்டார். மாமனார் இங்கே வருவதற்கு முன்பே சர்க்கார் ஆட்கள் சங்கிலியும் கொடியுமாக வந்து ஊர்ப் பேர் என்ன, பட்டா யார் பேரில் என்று விசாரித்து எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். தொழிற்பேட்டை வரப்போகிறது என்றார்கள். வரும், ஆனால் நம் பக்கம் வராது என்று ஊரில் எல்லோரையும் போல நாங்களும் நினைத்தோம்.

மாமாவுக்கு அகழியைக் கண்டதும் ஆச்சரியம்.

"இன்னாம்மா வசந்தா இது? தண்ணி கீது, மதகு இல்ல. ஏரியும் இல்ல, கொளமும் இல்ல. ஊட்ட சுத்திக்கினு கீது, ஊட்ட காணோம்."

"அந்தக் காலத்து ஊடு மாமா. இடிஞ்சி போச்சி."

"இடிஞ்சா இன்னா, நல்ல மேடாச்சே. ஒருத்தனும் வந்து கட்டிக்கலயா? நம்ம பக்கமா இருந்தா இந்நேரம் நாலு குடிசை எழும்பி இருக்கும்."

பார்க்க வந்தவர் என்பதால் அவருக்கு ஆறு மாதம்தான் தங்க அனுமதி. அடுத்த பொங்கல் வரைக்கும் எங்களோடு இருக்கட்டும் என்று மேலும் அனுமதி கேட்டு மனுப் போட்டோம். இங்கே சட்டம் என்னவென்றால், பார்க்க வந்தவர் திரும்பிப் போகிறவராக இருக்க வேண்டும். அதற்கு ஊரில் வீடு வாசல் இருக்க வேண்டும். 'என் தகப்பனாருக்குச் சொந்த வீடும் நிலமும் இருக்கின்றன, பொங்கல் முடிந்ததும் அங்கே போய்விடுவார்' என்று எங்கள் வீட்டுக்காரர் எழுதிப் போட்டார். போட்ட அன்றைக்கு அது சத்தியம்.

அடுத்த மாதமே அது பொய்யாகிவிட்டது. லீவில் ஊருக்குப் போய் வந்த பொன்னேரிக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். கையலம்பிவிட்டு உட்கார்ந்தவர் இலையை... தட்டைத்தான் சொல்கிறேன், இலைக்கு இங்கே எங்கே போவது, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி சொல்றதுன்னு தெரியல நைனா. ஒங்க ஊட்டாண்டதான் போனேன். ஊடு இல்ல. மிசின் வுட்டு தள்ளிட்டாங்க. கெணத்தக்கூட மூடிட்டாங்க. ஒங்க சின்னவரு வாசல்ல நின்னுக்கினு கத்திக்கினே இருந்தாராம். இப்ப சோழவரத்துல மாமனாரு ஊட்ல கீறாரு."

மாமா ரசம் போட்டுக்கொண்டார், சாப்பிட்டு முடித்தார். பிறகு பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கு வைத்த பிறகுதான் உள்ளே வந்தார்.

அப்போது பிடித்தது எனக்குப் பயம். வீடு இல்லை என்று இங்கே சர்க்காருக்குத் தெரிந்தால், இந்த ஆள் திரும்பிப் போகமாட்டான், இங்கேயே ஒட்டிக்கொள்வான் என்று உடனே அனுப்பிவிடுவார்களே. அனுப்பினால் எங்கே போய் நிற்பார்? சின்னவரே மாமனார் வீட்டுச் சோற்றில் இருக்கிறார், அங்கே இவரும் போய் உட்காரவா? நாமே போய்ச் சொல்லிவிடலாமா என்று எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஒனக்கு இன்னா பைத்தியமா? அவங்க கேக்காதப்பவே போய் சொல்லிக்கினு நிக்கணுமா? சும்மா கெட. நீயே பேஜாரு பண்ணிடுவ போலக்கீது."

சும்மா கிடக்க என்னால் முடிகிறதா. எங்கள் ஊரில் வரி வசூலிக்கிறவரும் மணியக்காரர்தான், சாவுக்கணக்கு எழுதுகிறவரும் அவர்தான், போலீஸ் வந்தால் வீடு காட்டுகிறவரும் அவர்தான். ஒருவர் காதில் விழுந்தது எல்லோர் காதிலும் விழும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். தபால்காரர், பள்ளிக்கூடத்து நர்ஸ், பஸ் கண்டக்டர், தொப்பி போட்டவர்கள் எல்லோரிடமும் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன். கௌரியிடமும் சொல்லி வைத்தேன், தாத்தா வீட்டைப் பற்றி வெளியே மூச்சு விடாதே என்று. அவள் இங்கிலீஷில் "ஓகே மம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. தாத்தா தமிழில் கேட்பார், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், சிலசமயம் அதுவும் சொல்லமாட்டாள். தமிழ் அவளை விட்டுப் போயே போய்விட்டது என்று எனக்கு அழுகை அழுகையாக வரும்.

3

அந்த வருஷக் கோடையை இந்த நாட்டுக்காரர்கள் சாகிற வரைக்கும் பேசுவார்கள். மழையே இல்லை. புல்லெல்லாம் வைக்கோல் நிறம். தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது என்று உத்தரவு. எங்கே பார்த்தாலும் தீப்பிடித்துவிடுமோ என்ற பயம். அகழி வற்றி, அடியில் கறுப்பு மண் பாளம் பாளமாக வெடித்தது.

இதைப் பார்த்ததும் மாமாவுக்கு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. நம் பக்கத்தில் ஏரி வற்றினால் என்ன செய்வோம்? அடியில் தங்கின வண்டலை வெட்டி வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்போம். அதைவிட நல்ல எரு கிடையாது. ஏரிக்கும் நல்லது, ஆழமாகும், அடுத்த மழையில் தண்ணீர் கூட நிற்கும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. எடுக்காமல் விட்டால்தான் ஊரில் ஏசுவார்கள்.

நான் வேலையில் இருக்கிறேன், இவர் தொழிற்சாலையில். மாமா பண்ணைக்காரரின் கைவண்டியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு அகழிக்குள் இறங்கிவிட்டார். மூன்று நாலு வாரம் இதே வேலை; பண்ணைக்காரர் தூரத்து வயல்களில் வேலையாக இருந்தார். எங்கள் கொல்லை முழுக்கக் கறுப்பு வண்டல். பெட்டியில் கொண்டு வந்திருந்த முளைக்கீரை விதையைத் தூவிவிட்டார். வீட்டில் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கீரையும் எழும்பிவிட்டது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தப்பென்று எனக்கும் படவில்லை. அத்தனை நாளைக்கப்புறம் அந்த மனுஷன் முகத்தில் களை வந்திருந்தது, நன்றாகச் சாப்பிட்டார். கீரை கடைந்து போட்டேன்.

கெடுத்தது கற்பூரம். ஊரில் மண்ணெடுத்து முடித்தால் கரையில் கற்பூரம் கொளுத்திக் கும்பிடுவது வழக்கம். கடைசி நடை முடிந்த சனிக்கிழமை, மாமா அகழிக் கரையில் ஒரு கட்டிக் கற்பூரத்தை ஓட்டுச்சில்லில் வைத்து ஏற்றி, கிழக்கே பார்த்து நின்று, "பெரியபாளையத்தம்மா" என்று கையைக் கூப்பினார். அந்தக் கோடையில், காய்ந்த புல்லுக்கு நடுவே, நெருப்பு.

பண்ணைக்காரர் மிஸ்டர் ஹாலம் நனைத்த சாக்கோடு வயலில் ஓடி வந்தார். வயசானவர், சிவந்துபோய்விட்டார். சாக்கால் ஓங்கி ஒரு போடு போட்டு அணைத்தார். கத்தப்போகிறார் என்று நான் நிற்கிறேன், அவர் நெருப்பை விட்டுவிட்டு அகழிக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். முந்தின வருஷம் அவரே அந்த அகழியைத் தூர்த்துச் சமன் செய்து கோதுமை போடப் பார்த்திருக்கிறார். இது பழங்காலச் சின்னம், கை வைக்கக்கூடாது என்று சர்க்கார் தடுத்து, பதிவும் செய்துவிட்டது. இப்போது யாராவது பார்த்தால் இவர்தான் ஆள் வைத்து வெட்டினார் என்பார்கள். "மன்னிக்கணும், நானே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், அதுதான் நல்லது" என்றார். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாதவர். அதனாலேயே எனக்குப் பயம்.

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீறாரு? தூரு வாரி குடுத்ததுக்கு ஒரு காபி குடுக்கணும் அவரு."

4

அடுத்த வாரம் பழங்காலச் சின்னங்களைப் பார்த்துக்கொள்கிற ஆபீசிலிருந்து அதிகாரி வந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம். எங்கள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் சமையலறையில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தேன். தாடி வைத்த சின்ன வயசுக்காரர், காலில் ரப்பர் பூட்ஸ், கையில் சுருட்டின வரைபடம். நான் எதிர்பார்த்த அதிகாரி மாதிரியே இல்லை. எனக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது.

மாமா வண்டலில் வந்த ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கி வேலி ஓரம் குவித்திருந்தார். பச்சை மினுக்குப் போட்ட சட்டித் துண்டுகள், ஒரு தோல் செருப்பின் அடிப்பாகம். அதிகாரி முட்டி போட்டு அதையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"இது எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று கேளுங்கள்."

கேட்டேன். "அது இன்னா தெரியும்? வெட்டினேன், வந்துது. கால கிழிக்குமேன்னு பொறுக்கிப் போட்டேன்" என்றார் மாமா.

அதை அப்படியே சொன்னேன். அதிகாரி பெருமூச்சு விட்டார். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று தெரியாவிட்டால் எந்தக் காலத்தது என்று சொல்ல முடியாதாம். இனி அது தெரியவே போவதில்லை என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பொறுமையாக, மாமாவைப் பார்த்துப் பேசினார். இங்கே ஒரு குடும்பம் வாழ்ந்தது. பிறகு போய்விட்டார்கள். ஏன் போனார்கள், யார் என்று தெரியாது. யாரும் தோண்டாததால் அவர்கள் விட்டுப்போனது விட்டபடி இருக்கிறது. அதனால்தான் யாரும் தொடக்கூடாது. எடுத்த மண்ணைத் திரும்பப் போட்டுவிட்டால் போதும், மேற்கொண்டு நடவடிக்கை இருக்காது.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. மாமாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஊட்டுக்காரங்க வாரிசு யாராச்சும் மனு குடுத்தாங்களா, கேளு."

"யாரும் இல்லயாம் மாமா. பேரே தெரியாதாம்."

"பின்ன யாரு கேட்டு இத்த காவல் காக்கறாங்க?"

"யாரும் கேக்கலயாம். சட்டமாம்."

மாமா எழுந்து நின்றார். மாதக்கணக்கில் பேசாததெல்லாம் அப்போது வந்தது.

"ஆளே இல்லாத ஊட்டுக்கு இவ்ளோ காவலா? ஒரு கூட மண்ணு எடுத்ததுக்கு ஆபீசரு வராரு. என் ஊட்ல ஆளு இருந்தான்மா. என் புள்ள வாசல்ல நின்னுக்கினு இருக்கசொல்லவே தள்ளிட்டாங்க. என் பொண்டாட்டி தண்ணி எடுத்த கெணத்த தூத்துட்டாங்க. திரும்பிப் போவ எனக்கு ஒரு ஊடு இல்ல. அங்க ஏன் ஒருத்தனும் வந்து மண்ண தொடாதன்னு சொல்லல? கேளும்மா. இவுருகிட்ட கேளு."

அதிகாரி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

 வீடு இல்லை என்ற சொல் இந்தக் கொல்லையில், சர்க்கார் ஆள் முன்னால், தமிழில் விழுந்துவிட்டது. தமிழிலேயே கிடக்கட்டும் என்று சிரித்தேன். "ரொம்ப வருத்தப்படுகிறார். மண்ணைத் திரும்பப் போட்டுவிடுவார். ஜனவரியில் தன் வீட்டுக்குப் போய்விடுவார்" என்றேன்.

"தாத்தா அதைச் சொல்லவில்லை."

சளியென்று அன்று பள்ளிக்கூடம் போகாமல், படிக்கட்டில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கௌரி, இங்கிலீஷில் சொன்னாள். மடியிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்து, தாத்தா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். வாசலில் நின்ற சித்தப்பா, பாட்டி தண்ணீர் எடுத்த கிணறு, திரும்பிப் போக வீடு இல்லை என்பது, எல்லாவற்றையும். அவர் கேட்ட கேள்வியையும் கேட்டாள். இந்த ஊர்க்குழந்தைகள் பேசுகிற அதே இங்கிலீஷ், கன்னம் மட்டும் சிவந்திருந்தது. தமிழ் போய்விட்டது என்று நான் அழுத பெண். சந்தோஷப்படுவதா, அவள் வாயைப் பொத்துவதா என்று தெரியாமல் நின்றேன். முடிந்தது, மாமாவை அனுப்பிவிடுவார்கள் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அதிகாரி கையிலிருந்த சட்டித் துண்டைக் குவியலிலேயே வைத்தார்.  பிறகு பேனாவை எடுத்து, "அவர் ஊரின் பெயர் என்ன? வரைபடத்தில் தேடிப் பார்க்க ஆசைப்படுகிறேன்" என்றார். அன்பாகத்தான் கேட்டார், இப்போது தெரிகிறது.

கௌரி தாத்தாவிடம் தமிழில் கேட்டாள். நான் கேட்டு வருஷக்கணக்கான தமிழ். "தாத்தா, ஊர் பேரு கேக்கறாரு. எழுதிக்கணுமாம்."

மாமா பேனாவைப் பார்த்தார். அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சொல்லாத கண்ணு. அங்கயும் இப்பிடித்தான் மொதல்ல பேரு கேட்டாங்க. எழுதிக்கினு போனவங்கதான் எடுத்துக்கினாங்க."

கௌரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், "அவருக்கு வயசாகிவிட்டது, மறந்துவிட்டாராம்" என்றாள்.

5

கீரையைப் பிடுங்கினோம், மண்ணைத் திரும்பக் கொட்டினோம். மிஸ்டர் ஹாலமும் வந்து கைவண்டி தள்ளினார். ஆகஸ்டு கடைசியில் மழை கொட்டி, அகழி பழையபடி நிரம்பியது. அந்த அதிகாரி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஆபீசுக்கும் மாமாவின் மனுப் போன ஆபீசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எங்கள் வீட்டுக்காரர் விசாரித்து வந்து சொன்னார். நான் நம்பவில்லை. அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்குத்தான் நம்பினேன். அதுவும் குறைந்த காலத்துக்குத்தான். பொங்கலுக்குப் பிறகு மறுபடி கேட்டோம், கொடுத்தார்கள். இனியும் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தபால்காரர் கேட்டைத் திறக்கிற சத்தத்தில் எனக்குப் பால் பொங்குவது தெரியாமல் போகிறது.

இந்த வாரம், பலகை நட்ட மூன்றாம் நாளோ என்னவோ, கௌரியின் டீச்சர் சமையலறை ஜன்னலுக்கு வந்தார். வகுப்பில் உலகப் படம் மாட்டி, எந்தெந்தக் குழந்தையின் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று குண்டூசி குத்துகிறார்களாம். "கோரிக்கு உங்கள் ஊர்ப் பெயர் தெரியவில்லை என்கிறாள். மூன்று தடவை கேட்டேன், அழுதுவிட்டாள். நீங்கள் சொல்ல முடியுமா?" என்றார். அடுப்பில் வேலை இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் கௌரியைக் கேட்டேன்.

"ஏண்டி, ஊர் பேரு மறந்துட்டியா?"

அவள் எழுந்து போய், முன்னறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

"மறக்கல. எழுதிக்கினு போனா எடுத்துக்குவாங்க இல்ல?"

"அங்க இன்னாடி கீது எடுக்கறதுக்கு? எல்லாந்தான் எடுத்தாச்சே."

"தாத்தாவ எடுத்துக்குவாங்க."

உள்ளே மாமா இருமுகிற சத்தம் கேட்டது. நான் அவளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தேன்.

மறுநாள் டீச்சர் குண்டூசியோடு வந்தார். ஊர்ப் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல பெண் அவர், எனக்குத் தெரியும். யாரையும் எங்கேயும் அனுப்பமாட்டார்.

"மெட்ராஸ்" என்றேன். அவர் சந்தோஷமாகப் போய் அங்கே குத்தினார்.